ரெய்டு கார்டைப் பிடுங்கிய ஜோசலின்

எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் ஜோசலினுக்குச் சோறு இறங்காது. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் அவள் எடிட் செய்யும் சர்ச் கல்யாண வீடியோக்களைச் சேமிக்க, தம்பி காலேப் ஒரு சர்வரை அசெம்பிள் செய்திருந்தான். அதன் மூன்று டிஸ்க்குகளையும் ஒன்றாகச் சேர்த்து ஆண்டது ஒரு ரெய்டு கார்டு. ஒரு டிஸ்க் போனாலும் வீடியோ பிழைக்கும் என்று பீற்றிக்கொண்டான்.

"டிஸ்க் சரிடா. கார்டே போச்சுன்னா?"

"அதெல்லாம் போகாதுக்கா."

அவள் சர்வரை அணைத்தாள். கார்டைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இதோ, போயிடுச்சு. டெஸ்டுக்கு ஏத்தினியே, அந்த வீடியோவை இப்ப காட்டு."

காலேப் டிஸ்க்குகளை, சர்வரைப் போலவே லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டினான். கார்டு எழுதிவைத்த முறை புரியாமல், மூன்றும் காலி என்று அது கைவிரித்தது.

காலேப் முணுமுணுத்துக்கொண்டே, கார்டு இல்லாமல் லினக்ஸே டிஸ்க்குகளைச் சேர்க்கும்படி சர்வரை மாற்றி, வீடியோவை மறுபடி ஏற்றினான். பிறகு டிஸ்க்குகளைக் கழற்றி அதே பழைய கம்ப்யூட்டரில் மாட்டினான். இம்முறை மணப்பெண் திரையில் சிரித்தாள்.

"ஆனா இதுல வேகம் கொஞ்சம் குறையும்க்கா" என்றான் விடாமல்.

"பொண்ணு லேட்டா வரலாம்டா. வராமத்தான் போயிடக்கூடாது."