கிட்டங்கி ஆற்றில் மூழ்கிய கப்பல்

சாவியை அவிழ்க்க முடியவில்லை. குளிப்பாட்டக் கிடத்திய மையித்தின் இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிறு நனைந்து, முடிச்சு இறுகிவிட்டது. முகைதீன்பாவா மரைக்கார் கத்தரிக்கோலை வாங்கி, தம்பியின் குளிர்ந்த வயிற்றில் முனை படாதபடி விரலைக் கொடுத்துக் கயிற்றை நறுக்கினார்.

"அலுமாரிச் சாவி," என்றான் இறந்தவரின் மருமகன் றம்ஸீன், வாளியைச் சரித்தபடி. "தூங்கக்குள்ளயும் கழட்டமாட்டாரு. கேட்டா, இந்த வீட்டுல பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுக்கிற ஆள் இரிக்கி எண்டுவாரு. பகிடியாத்தான்."

மரைக்கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தம்பியின் தோளில் நீர் வார்த்தார்.

தம்பி இஸ்ஸதீன் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். அன்று விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து பாயிலேயே சரிந்து போனார். ஊரில் மற்றவர்கள் ஓய்வுபெற்றால் வயல் பார்ப்பார்கள், கடை போடுவார்கள். இவருக்கு ஜெர்மன்காரன் கட்டிய முதல் நீர்மூழ்கிகள்தான் உலகம். கீல் துறைமுகத்தில் ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறில் கடலில் இறக்கிய யு-1 என்ற கப்பலைத் தகரத்தால் கை நீளத்துக்கு அச்சசலாகச் செய்து மேசையில் வைத்திருந்தார். பார்க்க வருகிற மீன்பிடிக்காரரிடம் சொல்வார்: "இதுவும் உங்கட எஞ்சின் மாதிரி மண்ணெண்ணெய்லதான் ஓடின. பெற்றோல் எண்டா உள்ளுக்குள்ள ஆவி நெருப்புப் பிடிச்சிரும் எண்டு பயம். ஆனா ஒளியிறதுக்கெண்டு கட்டின கப்பல், மேல வந்தா வெள்ளைப் புகைய விட்டுத் தன்னைத்தானே காட்டிக் குடுக்கும். டீசல் எஞ்சின் வாற வரைக்கும் அந்த வெக்கத்தோடதான் ஓடின."

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த வருசம் சாய்ந்தமருதிலும் வெடித்தது. இராணுவம் முஸ்லிம் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை போட்டது. சனங்கள் பயத்தில் அரபுக் கிதாபுகளைக்கூடக் கிணற்றில் போட்டார்கள். அப்போது பள்ளிவாசலில் எழும்பி நின்றவர் முகைதீன்பாவா. தாய்வழிக் குலமான குடிக்கு மரைக்கார், தலைவர்; தாய்மாமாவுக்குப் பின் வந்த பதவி. "நாம ஒரு பிழையும் செய்யல்ல. ஒருத்தரும் ஒண்டையும் எறியாதீங்க. எறிஞ்சா, நம்மள நாமளே குற்றவாளி ஆக்கினதாப் போயிரும்," என்றார். முதுகு நிமிர்ந்த அந்தப் பேச்சை ஊர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவருக்குத் தம்பியின் மேசை நினைவுக்கு வந்தது. கூர்மூக்கும் வால்விசிறியுமாக, குண்டு மாதிரி ஒரு தகரக் குழல். மரைக்காரின் தம்பி வீட்டில் அதை எடுத்து ஒரு சிப்பாய் தொலைக்காட்சிக்காரனுக்குக் காட்டினால்? தம்பி கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். மரைக்கார் அதை உரச் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டி, கிட்டங்கிப் பாலத்தில் நின்று ஆற்றுக்குள் போட்டார். மிதந்த ஆற்றுவாழைச் செடி விலகி, பிறகு மூடிக்கொண்டது.

"அவர் வந்து கேட்டா?" என்று தம்பியின் மனைவி றபீக்கா அன்று கேட்டாள்.

"நீங்க பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துட்டதாச் சொல்லுங்க மச்சி. நெலம சரியாகட்டும். நானே தம்பிக்கிட்ட கதைக்கிறன்."

நிலைமை சரியானது. பெருநாளுக்குப் பெருநாள் கதைக்க என்றே அவர் வருவார். வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போவார். தம்பியும் தன் மனைவியோடு சண்டை பிடிக்கவில்லை. ஒரு பூட்டு வாங்கினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெட்டிய தகரம், வரைந்த படம் எல்லாம் அவளுக்கு எதிராகப் பூட்டப்பட்ட அலுமாரிக்குள் போயின.

வெள்ளைத் துணியால் கபனிட்டு முடித்து, மையித்தைச் சுமக்கும் சந்தூக்கை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். புறப்படுமுன், இறந்தவரை மன்னிக்கச் சொல்லி மனைவியிடம் பொருத்தம் கேட்க வேண்டும். கேட்பது குடியின் பெரியவர். மரைக்கார் அறைத் திரைக்கு முன்னால் போய் நின்றார். முதலில் சாவியைத் திரைக்கடியால் நீட்டினார்.

"இது தம்பிட இடுப்பில இருந்த."

"எனக்கா தாறீங்க மச்சான்?" உள்ளே இருந்து றபீக்காவின் குரல் வந்தது. "என்னால பூட்டினதுட சாவி. நீங்களே வெச்சிக்கங்க."

சாவி திரும்பி வந்தது. மரைக்கார் குனிந்து அதை எடுத்துக்கொண்டார். "தம்பி உங்களுக்கு ஏதும் பிழை விட்டிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க மச்சி."

"அவர நான் எப்பயோ பொருந்திட்டன்." குரல் திரைக்கு இன்னும் கிட்ட வந்தது. "அவர் என்னப் பொருந்திட்டுப் போனாரா மச்சான்? உங்களுக்குத் தெரியுமா?"

"உம்மா, மையித்து வாசல்ல கிடக்கக்குள்ளயும் அந்தத் தகரக் கதயா?" மகள் பஸ்மினாவின் குரல் அழுகையோடு சீறியது. "வித்தது வித்ததுதானே. வாப்பாதான் ஒண்டும் கேக்கல்லயே, விடுங்களன்."

திரை அசையாமல் தொங்கியது. றபீக்கா தன் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று மரைக்காருக்குத் தெரிந்தது.

யு-1க்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு கதையைத் தம்பி சொல்லியிருந்தார். அதே கீல் துறைமுகத்தில், நீரடியில் ஓட்டிப் பார்த்த இரும்புக் கப்பலொன்று மூன்று பேரோடு அடியில் போய்க் குந்திவிட்டது. இரண்டு பேர் தண்ணீரை வெளியே தள்ளப் பார்த்தார்கள். கட்டியவன் மறித்தான். "தண்ணி உள்ள வரட்டும், அமுக்கம் சமமாகும், அதுக்குப் பிறகுதான் கதவு திறக்கும் எண்டான் அவன், காக்கா," என்று தம்பி அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

மரைக்கார் வாயைத் திறந்தார். முற்றம் நிறைய ஆட்கள். பள்ளித் தலைவர், மற்றக் குடி மரைக்கார்மார், தம்பியிடம் படித்த பாடசாலை அதிபர்மார்.

"தூக்குவமா காக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓம்," என்றார்.

பள்ளிவாசல் முற்றத்தில் ஜனாஸாவை வைத்ததும் அவர்தான் அறிவிப்புச் செய்தார். குரல் நடுங்கவில்லை. "எங்கட தம்பி இஸ்ஸதீன் மாஸ்டர் ஆருக்காவது பிழை செய்திருந்தா பொருந்திக்கங்க. குடுக்கல் வாங்கல் இருந்தா என்னோட கதைங்க."

"பொருந்திட்டம், பொருந்திட்டம்," என்று வரிசைகளில் முணுமுணுப்பு ஓடியது.

தம்பிக்கு யாராவது பிழை செய்திருந்தால் சொல்வதற்கு அந்த அறிவிப்பில் வசனம் இல்லை. மரைக்கார் இன்னும் சனங்களைப் பார்த்தபடியே நின்றார். மௌலவி மெல்லச் செருமி, "வரிசைய நேராக்குங்க," என்றார்.

இமாமுக்கு நேர் பின்னால் அவருக்கென்று விட்ட இடத்துக்கு மரைக்கார் போகவில்லை. வரிசைகளின் ஓரமாக நடந்து, பிந்தி வந்தவர்கள் நிற்கும் கடைசி வரிசையில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பக்கத்தில் நின்றவர் திடுக்கிட்டு விலகி இடம் விட்டார்.

தொழுகைக்குத் தக்பீர் கட்டும்போது முன்வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறுமை இருந்தது. யாரும் அதில் ஏறி நிற்கவில்லை.