மிஸ்ஸிக்குப் புத்தி தெளிவுதான்

ராகலைக் கடைவீதி முடிந்து உடப்புசல்லாவைப் பாதை திரும்பும் இடத்தில் ஒரு இரண்டு அறை வீடு, பின்னால் லீக்ஸ் பயிர் போட்ட கால் ஏக்கர். இசபெல் முப்பத்தெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சியாக, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிச் சம்பாதித்தது அவ்வளவுதான். ஊரே அவளை மிஸ்ஸி என்று கூப்பிடும். கலியாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஊருக்கெல்லாம் புள்ள எடுத்துக் குடுக்கவே நேரம் சரியாப் போச்சு" என்பாள்.

ஐம்பத்தாறாம் வருஷம், எழுபது வயதில், மாதா கோயில் பூசைக்குப் போகிற வழியில் சேற்றில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். சேதி கேட்டு அட்டனிலிருந்து அண்ணன் மகன் றோலண்ட் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான். நாற்பது வயது, வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் எலும்பு சூப் வைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் மாதம் இசபெல் அந்தச் சூப்பைக் குடித்துவிட்டு மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு கிடந்தாள். அவன் பிறந்தபோது முதலில் கையில் ஏந்தியவள் அவள்தான். இன்றைக்கு அவன் தன்னை ஏந்துகிறான் என்று நினைத்து மனம் குளிர்ந்தாள்.

இரண்டாம் மாதம் அலமாரிச் சாவி அவள் தலையணைக்கு அடியிலிருந்து அவன் இடுப்புக்கு இடம் மாறியது. மூன்றாம் மாதம் தையல் மெஷின் 'ரிப்பேருக்கு'ப் போனது, போனது போனதுதான். பார்க்க வருகிறவர்களின் குரல் வாசலில் கேட்கும். பிறகு றோலண்டின் குரல் தணிந்து கேட்கும். அதற்குப் பிறகு ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். ஊர் தன்னை மறந்துவிட்டது என்று இசபெல் ஒரு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

விஷயம் வெளிப்பட்டது நோன்புக் கஞ்சியால். றோலண்ட் கடைவீதிக்குப் போயிருந்த ஒரு சாயந்திரம், பக்கத்துக் கடை ஹமீத் முதலாளியின் மனைவி சுபைதா, கஞ்சிக் கோப்பையோடு கட்டிலருகே இருந்த ஜன்னலில் வந்து நின்றாள். செவிட்டுக் குழந்தையிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாகக் கத்தினாள்.

"மிஸ்ஸி. கஞ்சி. குடிங்க. நான். சுபைதா."

"ஏன் சுபைதா இப்படிக் கத்துறீங்க, எனக்குக் காலுதான ஒடைஞ்சிருக்கு? உங்க ரெண்டாவது மகனுக்குக் காதுல சீழ் வந்துச்சே, நின்னுருச்சா?"

கோப்பையில் பாதிக் கஞ்சி ஜன்னல் கட்டையில் கொட்டியது. "அல்லாஹ்வே, மிஸ்ஸிக்கு ஆளைத் தெரியுதா? புத்தி பேதலிச்சுப் போச்சு, கிட்டப் போனாக் கடிக்க வாறாங்கன்னு றோலண்ட் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரே."

"கடிக்கவா? முன்பல்லு நாலும் விழுந்து அஞ்சு வருஷமாச்சு."

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் இசபெல் ஜன்னல் பக்கம் சாய்ந்து விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை நுவரெலியாவிலிருந்து, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு வரப்போகிறார். "ஆஸ்பத்திரி விஷயமா ஒரு கையெழுத்து, அத்தை" என்று றோலண்ட் சொல்லியிருந்தான். அவன் மேசையில் போட்டுவிட்டுப் போன நகலைத் தடிக்கம்பால் இழுத்து அவள் படித்திருந்தாள். வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் அவனுக்கு நன்கொடை. மாட்டேன் என்றால் என்ன செய்வாய் என்று அவனிடமே விளையாட்டாகக் கேட்டும் பார்த்திருந்தாள். "பைத்தியம்னு சொல்லி அநாதை மடத்துல சேத்துருவேன்" என்றிருந்தான் அவனும் விளையாட்டாக. அவன் கண் விளையாடவில்லை.

"நான் இப்பவே போய் ஊரைக் கூட்டவா?" என்றாள் சுபைதா.

"வேணாம். நான் தெளிவுன்னு நான் சொன்னா எந்தப் பைத்தியமும் அப்படித்தான் சொல்லும்பாங்க. அதைச் சொல்ல வேண்டிய வாய் வேற. இந்த வீடு வாங்கினப்பவே எனக்குத் தெரியும், என்னைய அறியாத நொத்தாரிசுன்னா, என்னைய அறிஞ்ச சாட்சி ரெண்டு பேர் வேணும். றோலண்டு வந்து கூப்பிட்டா உங்க வீட்டுக்காரரை மறுக்காம வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் பேதலிச்சவளாவே இருந்துட்டுப் போறேன்."

சனிக்கிழமை காலை நொத்தாரிசு முத்துலிங்கம் வந்தார். கறுப்புக் கோட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி, கோட்டுப் பொத்தான்களைச் சோதிக்கிற வயிறு. அட்டனிலிருந்து றோலண்ட் வரவழைத்திருந்த இரண்டு கூட்டாளிகளைப் பார்த்து, "இந்த அம்மாவை எத்தனை வருஷமாத் தெரியும்?" என்றார். "இன்னைக்குத்தான் பாக்குறோம்" என்றார்கள் அவர்கள். வேறு வழியில்லாமல் றோலண்ட் ஓடிப்போய், தானே வாசலோடு திருப்பி அனுப்பிய ஹமீத் முதலாளியையும் தையற்காரர் பொன்னையாவையும் அழைத்து வந்தான். சந்தை நாள் ஆனதால் அவர்கள் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டார்கள். பிஸ்கட் தட்டு நோன்பாளி ஹமீதுக்கு நேர் எதிரே வைக்கப்பட்டிருந்தது.

நொத்தாரிசு கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். "அம்மா, உங்க பேரைச் சொல்லுங்க."

இசபெல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள். நிதானமாகக் கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தன மாசம் தாயி?"

ஜன்னலில் யாரோ இருமினார்கள்.

"பயப்படாத. தலை திரும்பியிருச்சு. றோலண்டு, வெந்நி வை. ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க."

பொன்னையா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். நொத்தாரிசு மெல்லக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பேனாவை மூடினார். "தம்பி, இந்த நிலையில இருக்கிறவங்க கையெழுத்தை நான் வாங்க முடியாது. கனவுலயும் முடியாது."

றோலண்டுக்கு வேர்த்துவிட்டது. "ஐயா, அத்தை சும்மா விளையாடுறாங்க. அவங்களுக்குப் புத்தி நல்ல தெளிவு."

"நீங்கதானே மூணு மாசமா ஆளைத் தெரியலன்னு சொன்னீங்க?" என்றார் ஹமீத்.

"அது... ஆளுங்க வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொன்னதுங்க. பொய்."

"கடிக்க வாறாங்கன்னது?"

"அதுவும் பொய்தான்."

"வார்த்தையை நம்பி நான் மாட்டிக்க முடியாது" என்றார் நொத்தாரிசு. "உங்க அத்தை தெளிவா இருக்காங்கன்னா அதை எழுதிக் கையெழுத்து வச்சுக் குடுங்க. அப்புறம் பார்ப்போம்."

வீடு கைக்கு எட்டுகிற அவசரத்தில் றோலண்ட் யோசிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் விறுவிறு என்று எழுதினான்: என் அத்தை இசபெல் பூரண புத்தித் தெளிவோடு இருக்கிறார், என்னைவிட ஞாபகசக்தி உள்ளவர், இதற்கு மாறாக நான் சொன்னதெல்லாம் பொய், அந்தோனியார் சாட்சி. கையெழுத்தும் போட்டான். ஹமீதும் பொன்னையாவும் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இசபெல் தலையணைக்கு அடியிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஐயா, என் பேரு இசபெல். இந்த வளவுக்கு வடக்க ஹமீத் முதலாளி கடை, கிழக்க ஓடை, மத்த ரெண்டு பக்கமும் பாதை. நன்கொடை குடுக்க எனக்கு விருப்பமில்ல. வீடு என் பேர்லயே இருக்கட்டும். வயித்துல கை வச்சதுக்கு மன்னிக்கணும்."

ஜன்னலில் எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நொத்தாரிசும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காமல் நின்றவன் றோலண்ட் ஒருவன்தான். அவனைப் பார்த்ததும் இசபெலுக்குச் சிரிப்பு நின்றது.

"கேட்டிருந்தா இந்த வீட்டுல உனக்கு ஒரு அறை இருந்திருக்கும்டா. நீ கேக்கல, எடுக்கப் பாத்த. அதுதான் எனக்கு வலிக்குது, காலு இல்ல." கையை நீட்டினாள். "சாவி."

அவன் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தான். மத்தியானத்துக்குள் அடகுக் கடையிலிருந்து தையல் மெஷினையும் தலையில் சுமந்து கொண்டுவந்தான். சந்தைக் கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. அதை மீட்க அவன் கைக்கடிகாரம் உள்ளே போனது. பிறகு அட்டன் போகப் புறப்பட்டான். சுபைதா, மிஸ்ஸி சொன்னபடி, வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள்.

நொத்தாரிசு கடைசியாகக் கிளம்பினார். வாசற்படி வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "உண்மையில பார்த்தா எத்தனை மாசம்னு தோணுது?" என்றார்.

"ஏழு. ராச்சோத்தைக் கொறைங்க, இறங்கிரும்."

அன்று முதல் அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் கிடைக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு றோலண்டும் வந்தான், கையில் ஒரு கேக்கோடு. வெளிக்கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு நின்றான். இசபெல் தடியை ஊன்றிக்கொண்டு போய்த் தானே கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லி, சூப் வைக்க எலும்பு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். அவன் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் எதிரே, மாதா படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவன் கையெழுத்துப் போட்ட தாள் தொங்கியது.