காந்தக் குடிசையை ஒட்டி ஒரு கார்

பூமியின் காந்தத்தை அளக்கும் காந்தமானி இருக்கும் குடிசையில் ஓர் இரும்பாணி கூடக் கிடையாது. எல்லாம் மரமும் செம்பும்தான். உள்ளே போகிறவர்கள் சாவி, பெல்ட், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவள் கொண்டை ஊசியையும் உருவிவிட்டுத் தலைவிரி கோலமாகப் போவாள். இத்தனை பத்தியமும் எதற்கு? ஆய்வக இயக்குநர் தன் புதுக் காரைக் கொண்டுவந்து குடிசையை ஒட்டிய மரநிழலில் நிறுத்துவதற்கு!

கார் வந்து நின்றதும் அவள் மேசைத் திரையில் காந்தமானியின் கோடு ஒரு குதி குதிக்கும். சொல்லிப் பார்த்தாள், எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். "ஒரு கார் நிழல்ல நின்னா பூமி சுத்தாம நின்னுடுமாம்மா?" என்று சிரித்தார். கூட இருந்த ஜால்ராக்களும் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில், கோடு குதித்தால் 'கார்' என்று குறித்து அந்தத் துண்டைப் பதிவிலிருந்து வெட்டி எறிவது அலுவலக வழக்கமாகவே ஆகிவிட்டது. சூரியனைக் கவனிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த மனுஷனின் காரைக் கவனிக்கிறோமே என்று வயிறெரிவாள்.

முந்தின நாள் சூரியனில் பெரிய வெடிப்பு. காந்தப் புயல் சாயங்காலம் வந்து சேரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வழியில் நின்று முன்கூட்டியே சொல்ல வேண்டிய செயற்கைக்கோள், சூரியன் கக்கிய துகள் மழையில் கண் தெரியாமல் கிடந்தது. மிச்சம் இந்தக் குடிசைதான். புயல் தொட்டதும் கோடு குதிக்கும். அவள் உடனே துணைமின் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அங்கே பொறுப்பில் இருப்பது அவளுடைய சொந்த அண்ணன்.

"கிழட்டு டிரான்ஸ்ஃபார்மர்டி. புயல் வந்தா சூடேறி வெடிச்சாலும் வெடிக்கும். சும்மா லோடைக் குறைச்சா ஊரே என்னைத் திட்டும். நீ ஒரு வார்த்தை சொல்லு, உடனே குறைச்சுடறேன்" என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

மதியம், கார் வரும் நேரத்தில், கோடு குதித்தது.

"இன்னைக்குக் கூடவா!" அவளுக்கு ரத்தம் கொதித்தது. நிதானமாகப் பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும். ஆத்திரத்தில் யார் பார்த்தது? 'கார்' என்று குறித்தாள், வெட்டினாள். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்தாள். வராந்தா நெடுகிலும் மனசுக்குள் அவரைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டே நடந்தாள்.

மரத்தடியில் கார் இல்லை. சருகுகள்தான் கிடந்தன.

அப்படியானால் குதித்தது காரால் இல்லை, புயலால். திரும்பி ஓடி அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். திரையில் கோடு தறிகெட்டு ஆடியது. தலைக்கு மேல் மின்விசிறி சுழற்சி குறைந்து நின்றது.

அப்புறம் அண்ணிதான் கூப்பிட்டாள். "டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் கொதிச்சு உங்கண்ணன் மேல கொட்டிடுச்சும்மா. ரெண்டு கையும் வெந்துபோச்சு. ஏதோ சத்தம் வருதேன்னு பக்கத்துல போயிருக்கார். புயலா இருந்தா தங்கச்சி சொல்லியிருப்பாளே, இது வேற ஏதோன்னு சொன்னாராம்."

அவள் போனை வைத்தாள். அந்த நேரம் பார்த்து, விபத்துச் செய்தி கேட்டு இயக்குநர் உள்ளே வந்தார்.

"நல்லவேளைம்மா, என் கார் இன்னைக்கு சர்வீஸுக்குப் போயிருக்கு. நம்ம மேல ஒருத்தனும் விரல் நீட்ட முடியாது."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"வெட்டினது என் கைதான் சார். அதை எங்க வேணா வந்து சொல்றேன். ஆனா அந்தக் கையை அப்படிப் பழக்கினது நீங்க. வாங்க ஆஸ்பத்திரிக்கு. எங்க அண்ணி முன்னாடி நின்னு அந்த சர்வீஸ் கதையைச் சொல்லுங்க."

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நகராமல் அவளும் நகர்வதாக இல்லை.