உமி மின்நிலையத்துக்கு அனுமதி

மின்சார உற்பத்தியைத் தனியாருக்கும் திறந்துவிட்டிருந்த சமயம். நன்னிலம் பக்கத்து ரைஸ் மில்களின் பின்னால் மலை மலையாகக் கிடந்த உமியை எரித்து மின்சாரம் எடுக்க ஒரு சென்னைக் கம்பெனி முன்வந்தது. அரசு அனுமதிகளை வாங்கித் தரும் வேலைக்குக் குழந்தைராஜைச் சேர்த்துக்கொண்டார்கள். மின்நிலையம் கட்ட விவசாயி தங்கையனின் நிலத்தைப் பேசி முடித்ததும் அவர்தான்.

“அடுத்த குறுவைக்குள்ள வேலை ஆரம்பிச்சிடும். உங்க மவனுக்கும் உள்ளயே வேலை.”

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற மனுஷன் பொய் சொல்லமாட்டார் என்று தங்கையன் நம்பினார். ஒப்பந்தப்படி, அதற்குப் பிறகு அந்த நிலத்தில் பயிர் வைக்கக் கூடாது.

குறுவை போனது. சம்பா போனது. தண்ணீருக்கு ஓர் அலுவலகம், புகைக்கு ஒன்று, தீக்கு ஒன்று. புகைக்காரர்கள் தண்ணீர் அனுமதியைக் கேட்டார்கள். தண்ணீர்க்காரர்கள் முதலில் புகை அனுமதி வரட்டும் என்றார்கள். அதிகாரி மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். யாரும் கடுமையாகப் பேசவில்லை. “அடுத்த வாரம் வாங்க” என்று மரியாதையாகவே சொன்னார்கள். முதல் வருஷம் குழந்தைராஜுக்குக் கோபம் வந்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டது.

நிலத்தில் சீமைக்கருவை ஆளுயரத்துக்கு வளர்ந்தது. தங்கையனின் மகன் துரைக்கண்ணு வருஷக்கணக்கில் காத்திருந்துவிட்டு மலேசியாவுக்குக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் குழந்தைராஜைப் பார்த்து, “வேலை வந்தா சொல்லி அனுப்புங்க சார்” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அதன் பிறகு குழந்தைராஜ் அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதில்லை.

அப்புறம் ஓர் அரசாணை வந்தது. மின்சாரத் திட்டங்களுக்கு எல்லாத் துறைகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு சொல்ல வேண்டும். கூட்டத்தில் புதிதாக வந்திருந்த கலெக்டர் அம்மா புகைக்காரரையும் தண்ணீர்க்காரரையும் பார்த்துக் கேட்டார்.

“அவர் கொடுத்தாத்தான் நீங்க கொடுப்பீங்க, நீங்க கொடுத்தாத்தான் அவர் கொடுப்பார். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கீங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்களுக்கு ஆட்சேபணை இல்லைங்க மேடம்.”

“எங்களுக்கும் இல்லைங்க.”

மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்தது. கலெக்டர் குழந்தைராஜ் பக்கம் திரும்பி, “இதுக்கா இவ்வளவு வருஷம் ஆச்சு?” என்றார்.

“தெரியலைங்க மேடம்” என்றார் அவர். உண்மையாகவே தெரியவில்லை.

டெலிபோன் பூத்திலிருந்து சென்னைக் கம்பெனிக்குப் பேசினார். மேனேஜருக்கு ஏக சந்தோஷம். “இனிமே எல்லாம் ஒரே இடத்துல முடிஞ்சிடும்ல சார்? மாசக் கடைசியில வந்து கணக்கு முடிச்சுக்குங்க.” தன்னை நிறுத்திவிட்டார்கள் என்பது போனை வைத்த பிறகுதான் புரிந்தது.

வீட்டில் மனைவி அருள்மேரி, “வந்துடுச்சுங்கிறீங்க, முகத்துல ஒண்ணையும் காணோமே?” என்றாள்.

“வந்துடுச்சு” என்று மறுபடியும் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் தங்கையனிடம் சொல்லப் போனார். யாருடைய நிலத்திலோ கூலிக்கு நாற்று பறித்துக்கொண்டிருந்தார் தங்கையன். செய்தியைக் கேட்டும் நிமிரவில்லை.

“அப்படிங்களா.”

“துரைக்கண்ணுக்குத் தகவல் சொல்லுங்க. வேலைக்கு...”

“அவன் அங்க லாரி ஓட்டுறான் சார். பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டான். இனிமே எங்க வரப்போறான்.” நாற்று முடியை வேரோடு தண்ணீரில் அலசிக் கட்டினார். “நிலத்துல கருவை வெட்ட ஆள் விடுவீங்கள்ல? என்னையும் சேர்த்துக்குங்க.”

ஆள் சேர்க்கத் தனக்கு இனி அதிகாரம் இல்லை என்று சொல்ல வேண்டும். “சொல்றேங்க” என்றார் குழந்தைராஜ்.

தங்கையன் தலையாட்டிவிட்டு அடுத்த பிடி நாற்றுக்குக் குனிந்தார். குழந்தைராஜ் வரப்போடு நடந்து ரோட்டுக்கு வந்தார்.

ஆள் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பொக்லைன் வந்து ஒரே பகலில் கருவையை வழித்துப் போட்டுவிட்டது.