துருவேந்தனின் கையுறை

மன்ஹாட்டனில் ஒரு சித்திரக்கதைப் பதிப்பகத்தின் ஆறாவது மாடியில் இருபது வருடமாக வண்ணம் தீட்டிவந்தவள் நெட்டி கபரெல்லி. 1983 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அவளுக்கு ரத்தம் கொதித்தது. காரணம் ஒரே ஒரு தாள். கம்பெனியின் நாயகர்கள், வில்லன்கள் எல்லோரைப் பற்றியும் ஒரு கையேடு போடுகிறார்கள். வில்லன் துருவேந்தனுக்கான பக்கத்தைச் சின்ன எடிட்டர் வின்ஸ்லோ எழுதி, உடையின் நிறம் சரியா என்று பார்க்க அவளிடம் அனுப்பியிருந்தான்.

சக்தி: வெறுங்கையால் தொட்ட இரும்பு கண்மூடித் திறப்பதற்குள் துருவாகி உதிரும். எதிரி: எஃகுக் கவசம் அணிந்த வெண்கழுகு, பதினான்கு மோதல், பதினான்கிலும் தோல்வி. பலவீனம்: மறதி. கையுறையைக் கழற்ற மறந்துவிடுவான். கூட்டாளிகள் என்ற இடம் காலியாக இருந்தது.

நெட்டிக்கு அவன்மேல் உயிர். போர்க்கப்பலைத் தடவிக்கொடுத்தே மூழ்கடித்தவன் அவன். அதே கையால் ஒரு சூப் டப்பாவைத் திறக்கப் போய், டப்பா துருவாகி உதிர, கொட்டிப்போன சூப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் அவன்தான். அப்படிப்பட்டவனுக்கா மறதி? தாளை எடுத்துக்கொண்டு நேரே வின்ஸ்லோவின் அறைக்குப் போனாள்.

"இவனுக்கு மறதின்னு எழுதின மகராசன் யாரு?"

"நான்தான் நெட்டி. அவன் வர்ற பதினாலு இதழையும் படிச்சேன். சண்டை சூடு பிடிக்கிற நேரம் பாத்து கையில உறை மாட்டிட்டு நிப்பான். வாசகருங்க எல்லாம் கடுதாசில சிரிக்கிறாங்க. அதான் வெண்கழுகோட இருநூறாவது இதழ்ல ஆளை முடிச்சுடறோம்."

"முடிச்சுடறீங்களா?"

"கடைசிப் பக்கம் உங்க மேசைலதான் இருக்கு. இடிஞ்ச கட்டடத்துக்கு அடியில கிடக்கான், ஒரு கை மட்டும் வெளிய. உறை போட்ட கை, அதனால இரும்பு அசையல. கதை முடிஞ்சுது. அஞ்சு மணிக்கு அச்சகத்து ஆள் வருவான்."

நெட்டி திரும்பிப் போய், பழைய இதழ்கள் பதினான்கையும் அள்ளிவந்து அவன் மேசையில் பரப்பினாள்.

"உறை போட்டிருக்கற கட்டத்தை மட்டும் பாரு. வசனத்தைப் படிக்காத."

அந்தக் கம்பெனியில் ஓவியர்தான் முதலில் வரைவார். கதை இரண்டு வரியில் சொல்லப்படும். மீதி அவர் பாடு. எழுத்தாளர் பிறகு வந்து வசனத்தை நிரப்புவார். துருவேந்தனை வரைந்த ஹைமி லஸ்டிக் அதிகம் பேசாத மனிதர், சொல்ல வேண்டியதையெல்லாம் பென்சிலில் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். வசனத்தில் துருவேந்தன் 'எல்லாரும் ஒழிந்தீர்கள்' என்று கத்துவான். படத்தில் அவன் தூக்கி நிறுத்திய ரயிலின் ஜன்னல்களில் முகங்கள் இருக்கும், அவன் கையில் உறை இருக்கும். ஆளில்லாத கப்பல் என்றால் வெறுங்கை. மின்தூக்கிக்குள் ஒரு கிழவர் இருந்தால் உறை.

வின்ஸ்லோ பதினான்கையும் புரட்டி முடிக்க அரை மணி ஆயிற்று. அவனுடைய காபி ஆறிப்போயிருந்தது.

"ஒருத்தர்கூட சாகல," என்றான். "அப்போ இவன் தோக்கல."

"தோத்துக் குடுத்தான். பதினாலு தடவையும்."

"லஸ்டிக்கே யோசிச்சதா?"

நெட்டி குரலைத் தாழ்த்தினாள். இருபது வருடமாக யாரிடமும் சொல்லாதது. "நான் பண்ணின தப்பு அது. வேலைக்குச் சேந்த மூணாவது வாரம். பாலத்துக் கம்பியை அவன் பிடிச்சிருக்கான். அவசரத்துல கம்பிக்கு வெச்ச சாம்பல் நிறத்தைக் கைக்கும் சேத்து அடிச்சுட்டேன். அச்சாகி வந்துடுச்சு. லஸ்டிக் புத்தகத்தோட வந்து, ஏம்மா இவன் உறை போட்டிருக்கான்னு கேட்டார். வேலை போச்சுன்னு பயத்துல, பாலத்து மேல ஸ்கூல் பஸ் நிக்குது சார்னு உளறினேன். கொஞ்ச நேரம் அந்த பஸ்ஸையே பாத்தார். அடுத்த இதழ்லேர்ந்து அவரே மணிக்கட்டுல உறைக்குக் கோடு போட ஆரம்பிச்சுட்டார்."

வின்ஸ்லோ மறதி என்ற வரியைப் பேனாவால் அடித்தான். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டான். "ஆனா சாவு முடிவானது நெட்டி. படம் வரைஞ்சாச்சு, வசனமும் போட்டாச்சு. மாத்தறதுக்கு நான் யாரு?"

"வரைஞ்சதை மாத்தச் சொல்லலையே. அந்தக் கட்டடத்துல வேற ஆள் இருக்கா?"

"இல்ல. எல்லாரையும் அவனே வெளிய தள்ளிடறான்." சொல்லி முடிக்கும்போதே அவனுக்குப் புரிந்தது.

நெட்டியின் மேசைக்கு இருவரும் வந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஓர் இரும்பு உத்திரம், அதைப் பற்றிய ஒரு கை. புது ஓவியருக்குப் பழைய சங்கதி தெரியாது. மணிக்கட்டில் கோடு போடவில்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலில் 'கை: சாம்பல்' என்று குறித்திருந்தது.

மணி நாலே முக்கால். வின்ஸ்லோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றான், கையில் கையேட்டுத் தாள்.

நெட்டி கைக்குத் தோலின் நிறத்தைத் தீட்டினாள். வெறுங்கை.

"கூட்டாளிகள்னு ஒரு இடம் காலியா கிடக்கே," என்றான் வின்ஸ்லோ, திரும்பாமல். "என்ன போட?"

"யாரும் இல்லைன்னு போடு," என்று சொல்லிவிட்டு, உத்திரத்துக்குத் துருவின் செம்பழுப்பில் தூரிகையை நனைத்தாள்.