அடுப்புக்கு மூன்று ஏக்கர்

1972ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், கொத்தங்கரையில் எண்பது அடுப்புக்கும் அடுப்புக்கு மூன்று ஏக்கர் வீதம் விளைந்த சம்பா வயல் இருந்தது. முதல் நாள் வரை அந்த இருநூற்று நாற்பது ஏக்கரும் பண்ணை நடராசன் ஒருவருடையது. வரப்புகள் புதிதாக வெட்டியவையும் அல்ல. நண்டு வளையும் அறுகம்புல் வேருமாக முப்பது வருஷப் பழசாக இருந்தன. பண்ணை வீட்டுப் பெட்டியில் இருந்த பட்டாவிலும் மங்கிய மையில் மூன்று ஏக்கர்தான் இருந்தது. கூலி அறுப்புக்கு அரிவாளோடு வந்த கீழத்தெருப் பொன்னுத்தாய், ஒரு கதிரை உருவி, மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பதரா என்று பார்த்தாள். "கருக்கா இல்ல, நெல்லுதான்" என்று புருஷன் காத்தானிடம் சொல்லிவிட்டுத் தன் வயலில் அறுப்புக்கு இறங்கினாள். பண்ணையை ஆண்டே என்று கூப்பிடும் வழக்கம் அன்று மத்தியானத்தோடு நின்றது.

காரணம் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. வயல் பிரிந்த அதே காலையில் சென்னையில் புள்ளியியல் துறையின் ஆண்டு அறிக்கை அச்சாகி வெளிவந்திருந்தது. கொத்தங்கரைக்கு நேரே துறைத்தலைவர் துரைராசு எழுதியிருந்தார்: குடும்பம் எண்பது, நிலம் இருநூற்று நாற்பது ஏக்கர், சராசரி மூன்று. நிலமற்ற குடும்பம் ஒன்றுமில்லை. வயல் வேலை, ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம். பொய் என்று அவருக்குத் தெரியும். ஊரில் அது மெய்யாகிவிட்டது.

துரைராசு திருவையாற்றுக்காரர். பொருளாதாரத்தை லண்டனில் படித்தவர். நெற்பயிரை ஜீப்பிலிருந்து பார்த்தவர். மகசூல் கணக்குக்காக வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் முளை அடித்துக் கயிறு கட்டி அறுப்பார்கள். அந்த நேரமெல்லாம் அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பார். மழை பொய்த்த ஒரு வருஷம், மிராசு வீட்டுக் கல்யாணப் பந்தியையும் கூலிக்காரன் கஞ்சிக் கலயத்தையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து, தாலுகாவில் எல்லோரும் வயிறாரச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினார். அதற்கொரு பதவி உயர்வு கிடைத்தது. கதர்க்காரர்கள் ஆண்டபோது கதர் கட்டினார்; ஆட்சி மாறியதும் கரைவேட்டி கட்டினார். வகுத்தல் மட்டும் மாறவில்லை. மேடையில் உழுபவனுக்கு நிலம் என்று முழங்கிவிட்டு வந்தவர்களுக்கு, நிலம் ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறது என்று சொல்லும் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் அவர்.

உச்சவரம்புச் சட்டம் பதினைந்து ஏக்கருக்குக் குறைந்ததும், எந்தெந்த ஊரில் மிச்ச நிலம் தேறும் என்று பார்க்கத் துறையை அனுப்பினார்கள். துரைராசு கொத்தங்கரையைப் பார்த்தது பண்ணை வீட்டுக் கூடத்திலிருந்து. நடராசன் வீடு சைவம். துரைராசுக்கோ விரால் மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. ஆகவே கொல்லைப் புளியமரத்தடியில் தனியாக அடுப்புப் போட்டு மூன்று நாள் அவருக்கு மீன் ஆக்கினார்கள். தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம் என்பது துறையின் விதி, வகுத்தவரும் அவரே. கணக்கெடுக்கப் போன சிப்பந்தி மருதையன் புகையைப் பார்த்து அடுப்பை எண்ணிப் பட்டியலை நீட்டினான். துரைராசு மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதற்குக் கூலியாக டெல்லித் திட்டக் குழுவில் ஒரு நாற்காலி சித்திரையில் வருவதாக இருந்தது.

நாற்காலிக்கு முன்னால் நடராசனின் தந்தி வந்தது. துரைராசு ஜீப்பில் வந்து இறங்கியபோது ஊரே மதகடியில் நின்றது. அவர் ஒரு திருத்தம் எழுதினால் வந்த வயல் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொன்னுத்தாய் நெற்கட்டை இறக்கி ஜீப்பின் முன் சக்கரத்தடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இது சராசரிம்மா. வெறும் கணக்கு. இத நெசம்னு எடுத்துக்கக் கூடாது."

"பொய்யின்னு எழுதிக் குடுங்கய்யா, எந்திரிச்சிக்கிறேன்."

"பொய்யின்னு யாரு சொன்னா?"

"அப்ப நெசம். மகராசனா இருங்க."

காத்தான் சிரித்துவிட்டான். நடராசன் துரைராசுவை ஓரமாக இழுத்துப் போய், "சார், ஒரே வரி. எரநூத்தி நாப்பதும் எனக்கு, மத்தவனுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிடுங்க" என்றார். துரைராசு பேனாவைத் திறந்தார். திறந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. உண்மையை எழுதினால் பதினைந்து போக மிச்ச நிலத்தைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பொய் எழுதியதற்காக டெல்லி நாற்காலியும் போகும். அதை அவர் சொன்னதும் நடராசன், "பினாமி பேருல மாத்திக்கலாம்ல?" என்றார். "அந்தப் பேருக்கெல்லாம் இப்ப ஆளுக்கு மூணு ஏக்கர் இருக்கேய்யா" என்றார் துரைராசு. இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் உண்மையாகச் சொன்ன முதல் தகவல் அதுதான். பேனாவை மூடினார். பொன்னுத்தாய் எழுந்து, தலைச் சும்மாட்டைத் தட்டி வைத்துக்கொண்டு, நெற்கட்டைத் தூக்கிப் போனாள்.

அத்தோடு அவர் வண்டியேறியிருப்பார். ஆனால் சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்த மருதையன் வந்து, எழுபத்தொன்பது வயல் சரியாக இருக்கிறது, எண்பதாவது மட்டும் அறுக்காமல் நிற்கிறது என்றான். யாருடையது என்று கேட்டார். மருதையன் பட்டியலைப் பார்த்து வாசித்தான்: "எம்பது. துரைராசு, தனி அடுப்பு, புளியமரத்தடி."

அவரும் சிரிக்கத்தான் பார்த்தார். பேரை அடித்துவிடு என்றார். "அடிச்சா மொத்தம் தப்பாயிடும் சார், மொதல்லேருந்து எழுதணும்" என்றான் மருதையன். அன்றிரவே அவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொத்தங்கரை எண்பதாவது வயலில் கணுக்கால் சேற்றில் நின்றார். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் சென்னையில், தன் நாற்காலியில் இருந்தார். மேசைக்கடியில் சேறு சொட்டியது. ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று எழுதியவர் அவர். இது தினமும் நடந்தது. அலுவலகத்தில் காலை வேளைக்கு முகாம் என்று எழுதிக்கொண்டார்கள். முன்பும் அப்படித்தான் எழுதினார்கள் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை. டெல்லிக்காரர்கள் மட்டும் நகத்தில் சேறு உள்ளவர் திட்டக் குழுவுக்கு ஆகமாட்டார் என்று வேறு ஆளைப் போட்டார்கள். ஓய்வு பெற்றதும் சென்னைக்கும் இதற்குமாக அலைவானேன் என்று அவர் புளியமரத்தடியிலேயே குடிசை போட்டுக்கொண்டார். இடையில் ஆட்சி கலைந்தது, வேறு ஆட்சி வந்தது, அவருக்குப் பின் தலைவர் நாற்காலியில் இரண்டு பேர் மாறினார்கள். வந்தவர்களும் ஊருக்கு வராமல் பழைய எண்ணையே பார்த்து எழுதினார்கள். அதனால் வயல்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

மேட்டூர் திறந்து கொத்தங்கரை வாய்க்காலில் தண்ணீர் வந்த ஒரு ஆனி மாதம், குறுவை நடவுக்கு நாற்று முற்றிக்கொண்டிருந்தது. துரைராசுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வயலில் நடராசன் கோவணத்தோடு குனிந்து, கோணல்மாணலாக நட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் போன பொன்னுத்தாயிடம் துரைராசு கேட்டார்:

"பொன்னுத்தாயி, எனக்கு ரெண்டு ஆள் கூலிக்குப் புடிச்சித் தரியா? கேட்டதக் குடுக்குறேன்."

"கூலிக்கு யாருய்யா வருவா? அவங்கவங்களுக்கு அவங்கவங்க நடவு கெடக்கு." அவள் நின்று, இடுப்பு நாற்றுக்கட்டை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நெலமில்லாத குடும்பம் ஒண்ணுகூட இல்லன்னு நீங்கதானே எழுதுனீங்க."

துரைராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.