முள்ளு வைத்த ஸ்பனர்

போல்ட் அறுந்ததற்காகக் குணலட்சுமி கோபப்படவில்லை. இரும்பு யார் கையிலும் அறும். அறுத்தவன் தன் பிழையைத் தூக்கி அவளைப் பெற்ற ஐயாவின் தலையில் போட்டானே, அதற்குத்தான் அவளுக்குக் கோபம்.

சீதனமாக வந்த மோட்டார் சைக்கிளின் எஞ்சின் தலையில் எண்ணெய் கசிந்தது. போல்ட்டை இறுக்கிக் கசிவை நிறுத்த, அவள் புருசன் இராசநாயகம் ஸ்பனரின் பிடியில் ஒரு முழ இரும்புக் குழாயைச் செருகி, காலை மதிலில் ஊன்றி இழுத்தான். "போதும், புத்தகத்திலை இவ்வளவு இறுக்கச் சொல்லேல்லை" என்று அவள் சொன்னது காற்றோடு போயிற்று. டக்கென்றது. போல்ட்டின் தலை அவன் கையோடு வந்தது. மீதி எஞ்சினுக்குள் நின்றுவிட்டது.

"மாமா உளுத்த சாமானைத் தலையிலை கட்டிப்போட்டார்" என்று சண்டிலிப்பாய்ச் சந்தி முழுக்கச் சொல்லித் திரிந்தான். அச்சுவேலியில் இருந்த மாமனார் முருகேசுவுக்குக் கடிதமும் போட்டான். யுத்த காலம், சீமையிலிருந்து புது மோட்டார் சைக்கிள் வராது, ஈடாக நிலம் வேண்டும் என்று. அந்த மனுசன் ஊர் வாய்க்குப் பயந்தவர். இளையவள் பராசக்திக்கென்று வைத்திருந்த பத்துப் பரப்புப் புகையிலைத் தோட்டத்தில் ஐந்தை எழுதித் தருவதாகப் பதில் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை நொத்தாரிசு வீட்டில் நிலத்துக்கு உறுதிப் பத்திரம் எழுதுவதாக ஏற்பாடு. மிச்சம் ஐந்து பரப்போடு பராசக்தியை எவன் கட்டுவான்? நினைக்க நினைக்கக் குணலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை புருசனும் பெண்சாதியும் பட்டணத்தில் ஸலாஹுதீனின் இரும்புக் கடைக்குப் போனார்கள். எஞ்சின் போன வாரமே அங்கே வந்திருந்தது. உள்ளே நின்ற துண்டை எடுத்து, அதே அளவில் புது போல்ட்டும் கடைசல் பட்டறையில் கடைவித்து வைத்திருந்தார் அவர். ஒரு போல்ட்டோடு முடிந்த காரியம்! அதற்குத்தான் ஐந்து பரப்பு.

"இனியாவது அளவாய் இறுக்கவேணும், தம்பி" என்று ஸலாஹுதீன் இரண்டு ஸ்பனர்களை எடுத்து வைத்தார். ஒன்று கைநீளப் பிடியோடு பளபளத்தது. மற்றது பட்டாளக்காரர் கழித்தது. அதன் பிடியோடு, மணிக்கூட்டில் இருப்பது போல, ஒரு முள்ளும், முள்ளுக்குக் கீழே இலக்கத் தகடும் இருந்தன. "எவ்வளவு பலத்திலை இழுக்கிறீங்களோ, முள்ளு அந்த இலக்கத்துக்குப் போகும்."

இராசநாயகம் நீளமானதைத் தூக்கினான். "என்ரை கைக்கு முள்ளு பாத்துச் சொல்லத் தேவையில்லை."

குணலட்சுமிக்குக் கோபம்தான். ஆனாலும் குரலைத் தேனாக்கிக்கொண்டாள். "உங்கடை கைப்பலத்தை ஸலாஹுதீன் நானாவும் ஒருக்காப் பாக்கட்டுமே. அண்டைக்கு இறுக்கின மாதிரியே இழுத்துக் காட்டுங்கோ."

புகழ்ச்சி என்றால் அவனுக்குச் சர்க்கரை. சட்டைக் கையை மடித்தான். இடுக்கியில் பூட்டியிருந்த தடித்த போல்ட்டில் முள்ளு ஸ்பனரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

"நாப்பத்திரண்டு!" என்றான் மூச்சு வாங்க. "குழாயும் போட்டிருந்தால் இன்னும் ஏறியிருக்கும்."

குணலட்சுமி பையிலிருந்து மோட்டார் சைக்கிளின் புத்தகத்தை எடுத்தாள். உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு அவளுக்கு இதற்காவது உதவிற்று. ஒரு வரியில் விரலை வைத்து ஸலாஹுதீனிடம் நீட்டினாள்.

"இந்தப் போல்ட்டுக்குப் பதினெட்டு எண்டு கிடக்கு" என்றார் அவர். "தம்பி, இரண்டு மடங்குக்கு மேலை முறுக்கினால் ஆனை கட்டுற சங்கிலியும் அறும். சாமானிலை ஒரு பழுதுமில்லை."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இராசநாயகத்தின் முகம் கறுத்தது. அவளை வாசல் பக்கம் கூட்டிப்போனான்.

"சரி, பிழை என்னிலைதான். வீட்டை போய்க் கதைப்பம்."

"வீட்டை ஏன்? ஐயாவை வீட்டுக்குள்ளை வைச்சோ ஏசினனீங்கள்? சந்தியிலை நிண்டெல்லோ ஏசினனீங்கள்! இப்பவே கடிதம் எழுதுங்கோ, நிலம் வேண்டாமெண்டு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "இஞ்சை பாரும். அவர் தானாய்த் தாறன் எண்டுபோட்டார். வாற நிலத்தை ஏன் வேண்டாமெண்டு சொல்லவேணும்? இது உம்மோடையும் என்னோடையும் இருக்கட்டும்."

பிழை என்று வாயால் ஒத்துக்கொண்ட பிறகும் தங்கச்சியின் வாழ்வைப் பிடுங்கப் பார்க்கிறான். இந்த மனுசனோடா நாலு வருசம் ஒரு சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டேன் என்று தன்னையே வைதுகொண்டாள்.

"அந்த உறுதி ஆற்றை பேரிலை?" என்று கேட்டாள்.

"உம்மடை பேரிலைதான். பெண் சீதனமெல்லோ."

"ஏற்றுக்கொண்டன் எண்டு கையெழுத்து வைக்கவேண்டியது ஆர்?"

"நீர்தான்" என்றான் அவன், தெருவைப் பார்த்தபடி.

"வெள்ளிக்கிழமை வருவன்" என்றாள் குணலட்சுமி, தெருவுக்கே கேட்கும் குரலில். "நொத்தாரிசுக்கு முன்னாலை, ஐயாவுக்கு முன்னாலை, உந்த நாப்பத்திரண்டைச் சொல்லுவன். சொல்லிப்போட்டு, கையெழுத்து வைக்காமல் எழும்பி வருவன்."